பால் மறக்கடித்த விதம்

காய்ச்சலை நான் மன்னித்துவிட்டேன். அது வந்தது, ஒரு வாரம் உடம்பை அடித்துப் போட்டது, போய்விட்டது. மனுஷர்களைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் சிலர் முகத்தைப் பார்த்தால் எனக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வருகிறது. அவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள் என்பதால் கல்யாணம், காதுகுத்து என்று அடிக்கடி பார்த்துத் தொலைக்கவும் வேண்டியிருக்கிறது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம். ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. டி.வி.யைப் போட்டால் பன்றிக் காய்ச்சல், பேப்பரைப் பிரித்தால் பன்றிக் காய்ச்சல். நான் அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். பிளாஸ்டிக் பாகங்களைத் துடைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டுகிற வேலை. பிறந்தது திருப்பாச்சூர். கட்டிக்கொடுத்தது கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வழியே நடக்க வேண்டிய ஒரு கிராமத்தில். நெல் போடுகிற குடும்பம். மாமனார் காலமாகிவிட்டார். மாமியார்தான் எல்லாம். என் வீட்டுக்காரர் அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்தார்.

எங்களுக்கு ஒரே பெண். ஒன்றேகால் வயது, பால்குடி மறக்கவில்லை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே எனக்கு ரவிக்கை நனைந்திருக்கும். அவளும் மாமியார் இடுப்பில் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைக் கை கால் கழுவக்கூட விடமாட்டாள். முந்தானையைப் பிடித்து இழுத்து, அவளே விலக்கிக்கொண்டு, ஒரு காலை என் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு குடிப்பாள். குடிக்கும்போது மேலே பார்த்து என் மூக்கைப் பிடித்துத் திருகுவாள். நாள் முழுக்க டேப் ஒட்டி ஒட்டி மரத்துப்போன உடம்புக்கு அந்தக் கால் மணி நேரம்தான் உயிர்.

அந்த மாதம் எங்கள் கம்பெனிக்குப் புனேயிலிருந்து இரண்டு பேர் வந்து, பேக்கிங் சரியில்லை என்று எங்கள் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று பாடம் நடத்தினார்கள். அதில் ஒருவர் கைக்குட்டையில் இருமிவிட்டு, அதே கையால் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் காட்டினார். அவர் ஊருக்குத் திரும்பிய கையோடு எனக்குத் தொண்டை எரிந்தது. அவரால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கைக்குட்டையை நினைத்தால் இப்போதும் கையைக் கழுவத் தோன்றுகிறது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு பெண் டாக்டர் என் ஈர ரவிக்கையைப் பார்த்துவிட்டுத் தானாகவே கேட்டார். “குழந்தைக்குப் பால் குடுக்கறீங்களாம்மா? நிறுத்த வேணாம். மாஸ்க் போட்டுக்கிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவிட்டுக் குடுங்க. பயமா இருந்தா பீச்சிக் குடுத்து அனுப்புங்க, வேற யாராவது ஸ்பூன்ல ஊட்டட்டும். பால் வழியா இது பரவாது. ஒரு வாரம் தனி ரூம்ல இருங்க, போதும்.”

இதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தலையைத் தலையை ஆட்டினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்திருக்கிறேன்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் மாமியார் உள்ளே விடவில்லை. குழந்தையை உள் அறையில் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தாள். அது என் குரலைக் கேட்டுவிட்டுக் கதவைத் தட்டியது.

“இன்னாடா சொன்னாங்கோ?” என்று மகனைக் கேட்டாள்.

“தனியா இருக்கணும்னு சொன்னாங்கோ.”

“பால் குடுக்கலாம்னும் சொன்னாங்க அத்த. மூஞ்சிய மூடிக்கினு...” என்றேன்.

“நீ சும்மா இருடி. இருமிக்கினே பேசாத. அவன்தான் சொல்றானே.” மகன் பக்கம் திரும்பினாள். “பால் குடுக்கச் சொன்னாங்களாடா?”

அவர் செல்போனை எடுத்து யாரோ கூப்பிட்ட மாதிரி பார்த்தார். “அதெல்லாம் நான் சரியா கேக்கல” என்றார்.

என் வாழ்க்கையில் நான் பார்த்த அசிங்கங்களிலேயே பெரிய அசிங்கம் அந்த ஒரு வாக்கியம்தான். சாக்கடை, சளி, எச்சில் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதற்கு முந்தின வருடம் அவருக்கு அம்மை போட்டிருந்தது. உடம்பெல்லாம் கொப்புளம், சீழ். அப்போது இதே மாமியார் அவரை நடுக்கூடத்தில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்து, இளநீர் கொடுத்து, “ஆத்தா, எறங்கிக்கம்மா” என்று கும்பிட்டுக்கொண்டே விசிறினாள். நானும் கர்ப்பத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினேன். அவருக்கு வந்தது ஆத்தா. எனக்கு வந்தது பன்றி. இந்தக் காய்ச்சலுக்குச் சாமி கிடையாது. அதனால் இது வந்தவளைக் கும்பிடவும் வேண்டாம், தொடவும் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

“கெணத்தாண்ட மோட்டார் ரூம் காலியாத்தானே கீது? கரண்டு கீது, தண்ணி கீது. இன்னா கொற?” என்றாள் மாமியார்.

அம்மா வீடு என்று போக எனக்கு அம்மா இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். “இங்க ரெண்டு கொழந்தைங்க...” என்று அவன் ஆரம்பித்ததும் நானே வைத்துவிட்டேன். பாயையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். வீட்டிலிருந்து மோட்டார் ரூம் நன்றாகத் தெரியும். நடுவில் நாலைந்து கழனி.

மோட்டார் ரூம் என்பது ஆள் படுக்கிற இடமே அல்ல. ஒரு மூலையில் மோட்டார், அதற்கு மேல் ஸ்டார்ட்டர் பெட்டி, தரையெல்லாம் கிரீஸ். யூரியா மூட்டையைப் பிரித்து வைத்திருந்ததால் கண் எரிச்சல். ஊர் ஆம்பளைகள் குடித்துவிட்டுப் போட்ட குவார்ட்டர் பாட்டில்கள், சுண்டல் தின்ற காகிதம், யாரோ எப்போதோ எடுத்த வாந்தி காய்ந்து சுவரோடு ஒட்டியிருந்தது. காய்ச்சலோடு உட்கார்ந்து அதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். மூன்று பேஸ் கரண்டு வந்ததும் மோட்டார் தானாக எடுத்துக்கொள்ளும். அப்போது ரூமே அதிரும், தலைக்குள் இருந்த வலி பல்லுக்கு இறங்கும்.

பன்றிக் காய்ச்சல்தான் என்று ரிசல்ட் தெரிந்து, ஊருக்குள் சுகாதார வண்டி வந்து மருந்து தெளித்துவிட்டுப் போனதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தினமும் மாடு ஓட்டிக்கொண்டு அந்த வழியாகப் போகிறவர்கள் சுற்றிப் போனார்கள். சுற்றிப் போனால் பரவாயில்லை. சுற்றிப் போய், தூரத்தில் நின்று, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் காறித் துப்பினார்கள். எச்சிலால் பரவுகிற காய்ச்சலுக்குப் பயந்து எச்சில் துப்புகிற ஜனங்கள்.

சாப்பாடு கொண்டுவருவது என் வீட்டுக்காரர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பச்சை மாஸ்க் போட்டுக்கொண்டு வருவார். கேரியரை வரப்பில் வைத்துவிட்டுப் பின்னாலேயே நகர்வார். பிறகு மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பான்பராக்கைத் துப்பிவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்வார். அதே மாஸ்க்தான் மறுநாளும் வரும், ஓரத்தில் சிவப்புக் கறையோடு. நாஷ்டா இட்லியைப் பார்க்கும்போது அந்தக் கறைதான் கண்ணில் நிற்கும்.

பால் கட்டிக்கொண்டது. காய்ச்சல் வலியைவிட அதுதான் உயிரை எடுத்தது. கை வைக்க முடியாது, கையைத் தூக்க முடியாது. சோப்பு போட்டுக் கையைக் கழுவி, மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, கேரியரோடு பிளாஸ்கில் வந்த சுடுதண்ணீரில் அலசிய எவர்சில்வர் டம்ளரில் பீச்சினேன். முக்கால் டம்ளர் வந்தது. டாக்டர் சொன்னபடிதான். வரப்பில் வைத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

“பாப்பாவுக்கு எடுத்துக்கினு போங்க. டாக்டர் சொன்னாங்கல்ல, ஸ்பூன்ல ஊட்டச் சொல்லி? அத்தைக்குத் தெரிய வேணாம்.”

“சரி சரி” என்றார். துண்டைச் சுற்றி டம்ளரைத் தூக்கிக்கொண்டு போனார். நான் ரூம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வைக்கோல் போர் வரைக்கும் போனார். வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். வீட்டுக்குத் தெரியாதபடி போருக்கு இந்தப் பக்கமாக நின்று வேலியில் அதைக் கொட்டினார். டம்ளரையும் சேர்த்து வீசிவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே போன் செய்தார். “குடிச்சிட்டா. மிச்சம் வெக்காம குடிச்சிட்டா” என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். “அப்டியா?” என்றேன். பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு பொய் சொல்வார், அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பாயில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். காய்ச்சலால் இல்லை.

வீட்டுக்கே நடந்து போயிருக்கலாமே என்று பின்னாளில் கம்பெனித் தோழிகள் கேட்டார்கள். கதவை உடைத்துக்கொண்டு போயிருக்கலாம்தான். ஆனால் குழந்தைக்கு வந்துவிட்டால் என்கிற பயம் எனக்கும் இருந்தது. டாக்டர் சொன்னது ஒரு காதில், டி.வி.யில் வருவது இன்னொரு காதில். என் பயத்தை அவர்கள் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் பாலைப் பீச்சி வாய்க்காலில் விட்டேன். தாய்ப்பால் கால்படுகிற இடத்தில் விழக்கூடாது என்பார்கள், ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும். அந்தக் கிணறு எங்களுக்கும் சின்ன மாமனாருக்கும் பொது. ஒரு நாள் எங்கள் முறை, ஒரு நாள் அவர் முறை. அந்த முறைத் தண்ணீருக்காக அவர் என் மாமனார் காலத்திலிருந்து சண்டை போடுகிறவர். கரண்டு அரை மணி குறைந்தால்கூட வரப்பில் நின்று கத்துவார். அவருக்கு அப்போது நாற்றங்காலில் சம்பா நாற்று. நான் வாய்க்காலில் குனிந்து நின்றதை ஒரு காலையில் பார்த்துவிட்டார்.

“அண்ணீ!” என்று எங்கள் வீட்டைப் பார்த்து அலறினார். மாமியார் ஓடி வந்தாள். “இன்னா வேல பண்றீங்கோ? ஊட்ல வெச்சிக்கப் பயந்துக்கினு கெணத்தாண்ட கொண்டாந்து வுட்டுகிறீங்கோ. அது மூஞ்சி கழுவுற தண்ணி என் நாத்துக்குத்தானே வருது?”

“ஏன், உன் நாத்து இன்னா, தும்மப் போவுதா?” என்றாள் மாமியார்.

எனக்காக என் மாமியார் ஒருவரோடு சண்டை போட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, அவர் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார், அதைத்தான் அவள் மறுக்கிறாள் என்று. “இங்கதான் இருப்பா. கெணத்துல எங்களுக்கும் பாதி கீது. அவ அந்தப் பாதில இருக்கறா” என்றாள்.

இத்தனை வருடம் தண்ணீருக்குச் செத்த மனுஷன், மறுநாள் தன் முறைத் தண்ணீர் வேண்டாம் என்று மடையை அடைத்துவிட்டார். ஆவணி வெயிலில் நாற்று இரண்டு நாள்கூடத் தாங்காதே. அப்போது யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஒரு சாக்கு பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்தார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாய்க்கால் நெடுக அதைக் கொட்டி, மேலே மஞ்சள் தண்ணீரும் தெளித்து, கற்பூரம் காட்டிவிட்டு மடையைத் திறந்தார். எனக்கு இருமல் வந்தும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிளீச்சிங் நெடி மோட்டார் ரூம் வரைக்கும் வந்தது.

நாற்று நுனியிலிருந்து வெளுத்தது. நாலு நாளில் நாற்றங்காலில் பாதி வைக்கோல் நிறம். அவர் வரப்பில் நின்று ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். “பாத்தீங்களா? நாத்துக்கும் வந்துச்சு. பன்னி ஜொரம் நாத்துக்கும் வந்துச்சு.” ஜனங்கள் வந்து பார்த்து ‘ச்சோ ச்சோ’ என்றார்கள். நான் ரூம் வாசலிலிருந்து, “சின்ன மாமா, அது பிளீச்சிங்கு” என்று கத்தினேன். கும்பல் இரண்டடி பின்னால் போயிற்று. சொன்னது யாருக்கும் காதில் விழவில்லை, வாய் திறந்ததுதான் கண்ணில் பட்டது. இன்றைக்கும் அவர் வீட்டில் அந்த வருடத்து நஷ்டம் என் கணக்கில்தான் இருக்கிறது.

அந்த நாட்களில் எனக்கு நல்லது என்று ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மாமியார் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் வரப்பு முனையில் வந்து நிற்பாள். என்னைக் கையால் காட்டுவாள். குழந்தையின் கையையும் பிடித்து என் பக்கம் நீட்டிக் காட்டுவாள். என்ன சொல்கிறாள் என்று கேட்காது, தூரம். ‘அதோ பார் அம்மா’ என்றுதான் சொல்வாள், வேறென்ன? நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவேன். துள்ளுவேன். புடவைத் தலைப்பை வீசிக் காட்டுவேன். மோட்டார் ஓடாத நேரமாக இருந்தால் மகள் பெயரைச் சொல்லிக் கத்துவேன். மாமியாரைப் பற்றி நினைத்த கெட்டதில் பாதியை அந்தச் சாயங்காலங்களில் வாபஸ் வாங்கினேன். காலையிலிருந்தே அந்த நேரத்துக்காகக் காத்திருப்பேன். முகத்தைக் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு நிற்பேன், குழந்தைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. மகள் என்னை மறந்துவிடக் கூடாது, பால் வற்றிவிடக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டும்தான்.

டாக்டர் சொன்ன ஒரு வாரத்தை மாமியார் இரண்டு வாரமாக்கினாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து என்னைக் கிணற்றடியிலேயே மஞ்சள் பூசிக் குளிக்கச் சொல்லி, பழைய புடவையையும் பாயையும் கொளுத்தச் சொல்லி, வீட்டுக்கு வரச் சொன்னாள். நடக்கவில்லை, ஓடினேன்.

வாசலில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் என் வீட்டுக்காரர். நான் கையை நீட்டினேன்.

குழந்தை என்னை நன்றாகப் பார்த்தது. அடையாளம் தெரிந்தது, அது எனக்குத் தெரியும். பிறகு மூக்கைச் சுருக்கி, கீழ் உதட்டைப் பிதுக்கி, “ச்சீ” என்றது. “ச்சீ, தூ.” எச்சில் குமிழியாக வந்து தாடையில் வழிந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பாத்தியா, எப்டி மறக்கடிச்சேன்?” என்றாள் மாமியார். கர்வம் தாங்கவில்லை அவளுக்கு. “மொத ரெண்டு நாளு அம்மா அம்மான்னு ஒரே பேஜாரு. அப்பால தெனம் சாய்ந்தரம் தூக்கினு வந்து உன்னைக் காட்டுவேன். அதோ பாரு ச்சீ, ஆயி, தூன்னு சொல்லிக் குடுப்பேன். நீயும் அங்க பேய் மாதிரி கைய கைய ஆட்டுவியா, கொழந்த பயந்துக்கும். ஒரே வாரம். ஏங்கவே இல்ல. பாலும் மறந்துச்சு.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் அருவருப்பு. குழந்தை ஏங்கக் கூடாது என்று உண்மையாகவே நினைத்திருக்கிறாள், வேலை சுத்தமாக முடிந்தது என்ற திருப்தி அவளுக்கு. எல்லா வீட்டிலும் பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவுவார்கள். என் மாமியார் என் மேலேயே தடவிவிட்டாள். பொட்டு வைத்து, தலை வாரி, நானே போய் நின்று காட்டியிருக்கிறேன்.

அது வீட்டில் ஒரு விளையாட்டாகிவிட்டது. யார் வந்தாலும், “பாப்பா, அம்மாவ எப்டி சொல்லுவே?” என்று கேட்பார்கள். “ச்சீ, தூ” என்பாள். சிரிப்பார்கள், கையில் பிஸ்கட் கொடுப்பார்கள். சிரிக்கிறார்கள் என்றதும் அவள் இன்னும் பலமாகச் சொல்வாள். என் வீட்டுக்காரர் அதைச் செல்போனில் வீடியோ எடுத்துக் கம்பெனியில் காட்டினார். போதும் என்று நான் சொன்னால், “கொழந்த வெளாடுது, இதுக்குப் போய் மூஞ்சத் தூக்கிக்கினு” என்பார். ரசம் பரிமாறும்போது அவருடைய சிரிக்கிற வாயைப் பார்ப்பேன். பல்லிடுக்கில் சோறு தெரியும். எழுந்து போய்விடுவேன்.

ஒரு மத்தியானம். நான் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. அவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். மாமியார் களத்தில் உளுந்து காய வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூளியில் தூங்கியது. தூளி நின்றுவிட்டது, லேசாகச் சிணுங்கினாள். மெதுவாகத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். தூக்கத்தில் அவளுக்கு நான் யார் என்று தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் தூக்கினேன். அவள் கண்ணைத் திறக்காமல் முகத்தைத் திருப்பி என் மார்பில் தேய்த்தாள். வாய் தானாகத் தேடியது. ரவிக்கையை விலக்கினேன். பிடித்துக்கொண்டாள். பால் கொஞ்சம்தான் இருந்தது, ஆனாலும் இருந்தது. ஒரு காலைத் தூக்கி என் வயிற்றின் மேல் போட்டாள்.

நாலு மிடறு குடித்திருப்பாள். கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் வாயை எடுத்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

“ச்சீ” என்றாள். உதட்டோரம் பால் வழிந்தது.

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்புக்காகக் காத்திருந்தாள். வழக்கமாக இதற்கு எல்லாரும் சிரிப்பார்கள் அல்லவா? நான் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. முகத்தை அசைக்கவே இல்லை. அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சந்தேகமாக, “ச்சீ?” என்றாள். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

மறுபடியும் வாயை வைத்துக் குடிக்க ஆரம்பித்தாள்.

“எழுந்துட்டாளா?” என்று களத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

“இல்ல அத்த, தூங்கறா” என்றேன்.